அப்பாவின் ஒப்புதல் படிவத்தில் ‘வட்ட ஆர்என்ஏ’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

#1 கோளிவாடாக்காரன் | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். நான்கு வருடமாக இந்தக் குழுவை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பாவுக்கு 58 வயது. மும்பை சயான் கோளிவாடாவில் விடியற்காலை இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தாதர் வரை போய் விற்றுவிட்டு வருவார். மலத்தில் ரத்தம் போகிறது என்று சென்ற வருடம் சொன்னார். பக்கத்துத் தெரு மருத்துவர் மூலம் என்று முடிவு கட்டி, எட்டு மாதம் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். ஹீமோகுளோபின் 7.8க்கு இறங்கிய பிறகு வேறு இடத்தில், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தோம். பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.

நேற்று மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். செரிமான மண்டலப் புற்றுநோய்களில் வட்ட ஆர்என்ஏவைப் பற்றிய ஆராய்ச்சியாம். அறுவைக்கு முந்தின நாள் 10 மில்லி ரத்தம் எடுப்பார்கள். வெட்டி எடுத்த கட்டியில் ஒரு சிறு துண்டும், தள்ளியிருக்கும் நல்ல குடலில் ஒரு துண்டும் வைத்துக்கொள்வார்கள். படிவம் ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் இருக்கிறது. அப்பா இந்தி பேசுவார், படிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அது எனக்குக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பிறகு சொல்வார்களா?”

படிவத்தின் ஏழாவது வரியில், முடிவு நோயாளிக்குத் தரப்படமாட்டாது என்று இருக்கிறது. ரத்தம் கொடுப்பது நாம், முடிவு மட்டும் ஏன் நமக்கு இல்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தாராவி 90 அடி சாலை | ஞாயிறு, இரவு 9:40

தம்பி, போடாதே. என் அக்காவுக்கு இரைப்பைப் புற்று வந்தபோது இப்படித்தான் ஒரு படிவத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டோம். ஆறு வருடம் ஆகிறது. அக்காவும் இல்லை, ஒரு வரிக் கடிதமும் இல்லை. நம் வீட்டு ரத்தத்தில் அவர்கள் பட்டம் வாங்குவார்கள்.

#3 ஹார்பர் லைன் | ஞாயிறு, இரவு 11:05

அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை. என் முனைவர் பட்டமும் அப்படி வந்ததுதான்; 60 பேரின் கட்டித் துண்டுகள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆர்என்ஏ ஆராய்ச்சிதான் என் பிழைப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதில் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

கோளிவாடாத் தம்பி, அப்பாவுக்குப் புரியும்படி ஒரு வழி சொல்கிறேன். மாட்டுங்கா ரயில் நிலையம் பக்கம் பூக் கட்டுபவர்களைப் பார்த்திருப்பார். ஆர்என்ஏ என்பது செல் தன் ஜீன்களிலிருந்து எடுத்துக்கொள்ளும் நகல். சாதாரண ஆர்என்ஏ ஒரு சரம், இரண்டு நுனி உண்டு. செல்லுக்குள் இருக்கும் சில நொதிகள் நுனியைப் பிடித்துத்தான் உதிர்க்கத் தொடங்கும். சில சமயம் செல் அந்தச் சரத்தில் பின்னால் வரும் பூவின் காம்பைத் திருப்பி, முன்னால் இருக்கும் பூவோடு முடிந்துவிடுகிறது. மாலையாகிவிட்டது. இனி நுனி கிடையாது, பிடிக்க இடம் கிடையாது. அதனால் பல வட்டங்கள் செல்லுக்குள் 48 மணி நேரத்துக்கும் மேல் கிடக்கின்றன. ஆய்வகத்தில் நாங்களும் இதையே பயன்படுத்துகிறோம்: ஆர்என்ஏஸ் ஆர் என்ற நொதியை ஊற்றினால் சரமெல்லாம் கரைந்து, மாலைகள் மிஞ்சும்.

முடிச்சு முக்கியம். மாலையில் இருக்கும் பூவெல்லாம் சரத்திலும் இருக்கும். முடிச்சு மட்டும்தான் மாலைக்கே உரியது. எனவே எந்த வட்டத்தை அளந்தாலும் அந்த முடிச்சைத் தாண்டும் எழுத்து வரிசையைத்தான் தேடுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. மனித ஜீனில் இப்படி வரிசை மாறிய ஆர்என்ஏவை முதலில் பார்த்ததே பெருங்குடல் புற்றில் தேடியபோதுதான். 1990இல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு, பெருங்குடல் புற்றில் அடிக்கடி தொலைந்துபோகும் ஒரு ஜீனைக் கண்டுபிடித்து, அதற்கு டிசிசி என்று பெயர் வைத்தது. மறு வருடம் அந்த ஜீனின் ஆர்என்ஏவை நோண்டியபோது துண்டுகள் தலைகீழ் வரிசையில் ஒட்டியிருந்தன. அளவு மிகக் குறைவு. செல் செய்த தவறு, குப்பை என்று உலகம் இருபது வருடம் தாண்டிப் போய்விட்டது. 2012, 2013இல் வரிசைப்படுத்தும் இயந்திரங்களும் கணினி நிரல்களும் தேறிய பிறகுதான், ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று தெரிந்தது.

நோயில் அவற்றுக்கு என்ன வேலை என்பது பெரிய வழக்கு. நாளை எழுதுகிறேன், கடைசி வண்டிக்கு ஓட வேண்டும்.

#4 கோளிவாடாக்காரன் | திங்கள், காலை 6:20

மிக்க நன்றி அக்கா. மாலைக் கதையை அப்பாவிடம் சொன்னேன். “அப்படியானால் என் உடம்புக்குள் மாலை போட்டுக்கொண்டு திரிகிறதா அது?” என்று கேட்டுவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டார். அறுவைக்கு மூன்று நாள் இருக்கிறது, சொன்னால் கேட்கிறாரா பாருங்கள்.

#5 குறிப்பேடு | திங்கள், காலை 10:15

இப்படிக் குழம்ப வேண்டியதே இல்லை. என் உறவினர் பார்ட்னராக இருக்கும் ஆய்வகத்தில் இதே வட்ட ஆர்என்ஏ ரத்தப் பரிசோதனை

[மீதிப் பகுதியை நீக்கியிருக்கிறோம். விலையும் தொலைபேசி எண்ணும் இங்கே வேண்டாம். — மட்டறுத்துநர்]

#6 செம்பூர் புள்ளி | திங்கள், காலை 11:02

நீக்கியது சரி. ஆனால் நீக்குவதற்கு முன் வாசித்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புள்ளியியல்காரன், உயிரியல் தெரியாது. வகுத்தல் தெரியும்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1000 பேர், அவர்களில் 10 பேருக்குப் புற்று. பரிசோதனை நூற்றுக்குத் தொண்ணூறு நோயாளிகளைச் சரியாகப் பிடிக்கும், ஆரோக்கியமானவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடும். விளம்பரத்தில் போட்டால் அமர்க்களமாக இருக்கும். நோயுள்ள 10 பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேரும் பிடிபடுவார்கள். ஆக ‘உண்டு’ என்று காகிதம் வாங்கும் 108 பேரில் 9 பேருக்குத்தான் உண்மையில் இருக்கும். மிச்சப் பேர் கொலனோஸ்கோபி, ஸ்கேன் என்று கடன் வாங்கி அலைவார்கள்.

இந்தத் துறையில் வெளியாகும் கட்டுரைகள் பல, 50 நோயாளி, 50 ஆரோக்கியமானவர் என்று பாதிக்குப் பாதி எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகின்றன. தெருவில் பாதிப் பேருக்குப் புற்று இருந்தால் அந்தக் கணக்குப் பொருந்தும்.

#7 ஹார்பர் லைன் | திங்கள், இரவு 9:48

செம்பூராருக்கு ஒரு கும்பிடு. பாக்கியை எழுதுகிறேன்.

2013இல் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. சிஐஆர்எஸ்-7 என்ற வட்டம், இன்னொரு பெயர் சிடிஆர்1-ஏஎஸ். அதில் மிர்-7 என்ற மைக்ரோ ஆர்என்ஏ வந்து ஒட்டிக்கொள்ள 70க்கும் மேற்பட்ட இடங்கள். மைக்ரோ ஆர்என்ஏவின் தொழில், மற்ற ஜீன்களின் வாயை அடைப்பது. அதை இந்த வட்டம் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டால், அடைபட்ட ஜீன்கள் பேசத் தொடங்கும். அழகான கதை. மிர்-7 பல புற்றுகளில் வளர்ச்சியைத் தடுப்பது என்று ஏற்கெனவே தெரியும். அப்புறம் கேட்கவா வேண்டும்? இரைப்பை, கல்லீரல், கணையம், உணவுக்குழாய், பெருங்குடல் என்று ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு வட்டம், அது உறிஞ்சும் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ, விடுதலையாகும் ஒரு ஜீன். மூன்று காலியிடம் உள்ள விண்ணப்பப் படிவம் மாதிரி கட்டுரைகள் குவிந்தன.

70 இடம் உள்ள வட்டம் அபூர்வம். பெரும்பாலான வட்டங்களில் ஒன்றிரண்டு இடம்தான், செல்லுக்குச் சில பிரதிகள்தான். தேக்கரண்டிப் பஞ்சால் தாதர் சாலை வெள்ளத்தைத் துடைப்பது போல.

2020இல் விழுந்த அடி இன்னும் பெரிது. அதுவும் சிஐஆர்எஸ்-7 பற்றி, அதுவும் அதைப் புகழடைய வைத்த இரண்டு குழுக்களில் ஒன்று இருந்த அதே டென்மார்க் ஆர்ஹஸ் நகரிலிருந்து. அதுவரை எல்லோரும் என்ன செய்தோம்? கட்டித் துண்டை நசுக்கி, கூழாக்கி, மொத்த ஆர்என்ஏவை அளந்தோம். கட்டி என்றால் புற்றுச் செல் மட்டும் அல்ல. நடுவே நார்த்திசு, ரத்தக் குழாய், எதிர்ப்புச் செல்கள் எல்லாம் குடியிருக்கின்றன. டென்மார்க்காரர்கள் கூழாக்காமல், மெல்லிய சீவலாக வெட்டி, எந்தச் செல்லில் அந்த வட்டம் மினுங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றில், புற்றுச் செல்களுக்குள் அது இல்லை. சுற்றியிருந்த இணைப்புத் திசுச் செல்களில் இருந்தது.

வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள மும்பைச் ‘சால்’ குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். நடு இரவில் பாத்திரம் விழும் சத்தம் கேட்கிறது. எந்த அறை என்று பார்க்காமல், ஏழாம் நம்பர் வீட்டுக்காரர்தான் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஏழு வருடம் பேசிக்கொண்டிருந்தோம்.

#8 தாராவி 90 அடி சாலை | திங்கள், இரவு 10:10

அப்படியானால் எல்லாம் வீண் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

#9 ஹார்பர் லைன் | திங்கள், இரவு 10:52

இல்லை அண்ணாச்சி. ஒரு சாட்சி பொய் சொன்னால் வழக்கே பொய் என்று ஆகாது. உறிஞ்சும் பஞ்சு என்பது வட்டங்கள் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். 2019இல் வந்த ஒரு வேலை என் மனத்துக்கு நெருக்கமானது. பெருங்குடல் புற்று கல்லீரலுக்குத் தாவுவதில் என்சன்2 ஜீனிலிருந்து பிறக்கும் வட்டத்துக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். அந்த வட்டத்தில் ஒரு வேதிக்குறி ஒட்டியிருக்கிறது. குறி இருந்தால்தான் உட்கருவிலிருந்து வெளியே வர அனுமதிச் சீட்டு. வெளியே வந்ததும் ஐஜிஎஃப்2பிபி2 என்ற புரதத்தையும் எச்எம்ஜிஏ2 என்ற ஜீனின் ஆர்என்ஏவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆர்என்ஏ சீக்கிரம் உதிராமல் நிற்கிறது, புற்று பரவுகிறது. யாரையும் உறிஞ்சவில்லை, தரகர் வேலைதான் பார்க்கிறது.

நல்லது செய்யும் வட்டமும் உண்டு. கல்லீரல் புற்றில் சர்க்-எம்டிஓ1 குறைந்துவிடுகிறது, குறைந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்று 2017இல் ஒரு சீனக் குழு எழுதியது. அதன் விளக்கமும் பஞ்சுக் கதைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னும் சில வட்டங்களிலிருந்து செல் குட்டிப் புரதமே தயாரிக்கிறது. நுனியில்லாத ஆர்என்ஏவிலிருந்து புரதம் வராது என்றுதான் எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

#10 செம்பூர் புள்ளி | செவ்வாய், காலை 8:30

எனக்கு ஒரு சந்தேகம். செரிமானப் புற்றுகளில் பல வட்டங்கள் ‘குறைந்திருக்கின்றன’ என்று வருகிறதே, எல்லாமே நல்லவையா?

#11 ஹார்பர் லைன் | செவ்வாய், காலை 8:47

ரயிலில் நின்றுகொண்டு எழுதுகிறேன். 2015இல் வியன்னாவிலிருந்து வந்த வேலை இதைத் தொட்டது. பெருங்குடல் கட்டியில், பக்கத்து நல்ல குடலைவிட, வட்டங்களின் பங்கு பொதுவாகவே குறைவு. ஆய்வகத்தில் வளர்க்கும் புற்றுச் செல்களில் இன்னும் குறைவு. அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று மிக எளிது. வட்டம் மெதுவாகத்தான் சேரும். செல் வேகமாக இரண்டாகப் பிரிந்துகொண்டே இருந்தால், இருப்பது பங்கு போடப்பட்டுக் கரைந்துவிடும். பந்திக்கு ஆள் கூடக்கூட ரசம் நீர்த்துப்போவது போல. அப்போது ‘குறைவு’ என்பது நோயின் காரணமும் இல்லை, அந்த வட்டத்தின் குணமும் இல்லை. செல் அவசரத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. அடையாளமாகவே பயன்படலாம், அது வேறு பேச்சு.

மஸ்ஜித் நிலையம் வந்துவிட்டது, கூட்டம். பிறகு.

#12 ஊதா மூடி | செவ்வாய், மாலை 7:25

இவ்வளவு நேரம் பேசாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் ரத்தம் எடுக்கும் ஆள். டெக்னீஷியன், 19 வருடம். பெரிய தத்துவம் தெரியாது, ஆனால் இந்த ஆராய்ச்சி எங்கே கெடும் என்று சொல்லத் தெரியும்: என் மேசையில்.

வட்டம் உதிராது, உறுதியானது என்று சொல்கிறார்கள். நுனியிலிருந்து கடிக்கும் நொதிக்குத்தான் அது உறுதி. ரத்தத்தில் நடுவில் வெட்டும் நொதிகளும் உண்டு, மாலையை நடுவில் கத்தரித்தால் அதுவும் சரம்தானே? எனவே எடுத்த ரத்தம் மேசையில் கிடக்கக் கூடாது. இது ஒன்று.

இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்தத் தட்டணுக்களிலும் சிவப்பணுக்களிலும் வட்ட ஆர்என்ஏ ஏராளம். புற்றிலிருந்து பிளாஸ்மாவுக்கு, அதாவது அணுக்கள் மிதக்கும் நீருக்கு, கசிந்து வருவது கடுகளவு. ஊசியை மெல்லிய நரம்பில் வைத்து இழு இழு என்று இழுத்தால் சிவப்பணு உடைந்து பிளாஸ்மா ரோஜா நிறமாகிவிடும். அந்தக் குழாயை அளந்தால் நோயாளியின் கட்டியை அளக்கமாட்டீர்கள், என் அவசரத்தைத்தான் அளப்பீர்கள். தட்டணுவும் அப்படியே. குழாயை இயந்திரத்தில் வைத்து ஒரு தடவை சுழற்றினால் மேலே மிதக்கும் மஞ்சள் நீரில் தட்டணு மிச்சம் இருக்கும். மேல்நீரை வேறு குழாய்க்கு மாற்றி, இரண்டாம் முறை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். ஊதா மூடிக் குழாய்தான், ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ போட்டது. பச்சை மூடியில் ஹெபாரின் இருக்கும், அது பின்னால் ஆர்என்ஏவை அளக்கச் செய்யும் பிசிஆர் சோதனையைக் கெடுத்துவிடும். பிறகு மைனஸ் 80 டிகிரி.

நோயாளிகளின் ரத்தத்தைக் காலை நெரிசலில் ஒரு தடவை சுழற்றி, ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை மதியம் சாவகாசமாக இரண்டு தடவை சுழற்றினால், வட்ட ஆர்என்ஏ இரண்டு கூட்டத்தையும் அருமையாகப் பிரித்துக் காட்டும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

#13 செம்பூர் புள்ளி | செவ்வாய், மாலை 7:41

இந்தப் பதிவை என் மாணவர்களுக்கு அச்செடுத்துக் கொடுக்கப் போகிறேன்.

#14 ஹார்பர் லைன் | செவ்வாய், இரவு 10:30

நானும். 2015இல் ஷாங்காய் குழு ஒன்று, செல்கள் வெளியே வீசும் எக்ஸோசோம் என்ற குட்டிப் பைகளில் வட்டங்கள் செறிந்திருக்கின்றன, மனித ரத்தநீரின் பைகளில் மட்டும் 1000க்கும் மேற்பட்ட வட்டங்கள் என்று காட்டியது. பெருங்குடல் புற்றுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் அதை வைத்துப் பிரிக்கலாம் என்றும் சொன்னது. ரத்தப் பரிசோதனை ஆசை அங்கிருந்துதான் சூடுபிடித்தது. அந்த ஆசை எனக்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பைகளில் தட்டணு வீசியது எத்தனை, கட்டி வீசியது எத்தனை என்பது ஊதா மூடி அண்ணனின் மேசையில்தான் தீர்மானமாகிறது.

கணினிப் பக்கமும் ஓட்டை உண்டு. வட்டம் தேடும் நிரல்கள் பதினாறை ஒரே தரவின் மேல் ஓடவிட்டு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வந்தது. எல்லா நிரல்களும் சேர்ந்து 3,15,000க்கும் மேல் வட்டங்களை அறிவித்தன. ஒரு நிரலுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

இப்போது தம்பியின் ஏழாவது வரிக்கு வருகிறேன். முடிவை ஏன் தரமாட்டார்கள்? ஒளிக்கிறார்கள் என்பதால் அல்ல. தந்தால் அதை வைத்து உங்கள் மருத்துவர் ஒரு மாத்திரையைக்கூட மாற்ற முடியாது. செரிமானப் புற்று எதற்கும் வட்ட ஆர்என்ஏ அளவைப் பார்த்துச் சிகிச்சை முடிவு செய்யும் வழக்கம் இன்று இல்லை. அப்பாவுக்கு ‘இரண்டு மடங்கு கூடியிருக்கிறது’ என்று ஒரு காகிதம் கொடுத்தால் அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார், அவ்வளவுதான் நடக்கும்.

அவருக்கு இன்று பயன்படும் எண்கள் வேறு. வெட்டிய குடலோடு வந்த நிணநீர் முடிச்சுகளில் எத்தனையில் புற்று இருந்தது என்று கேளுங்கள். சிஇஏ என்ற ரத்தப் பரிசோதனையை அறுவைக்கு முன் எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். 1965இல் கண்டுபிடித்தது, குறைகள் உள்ளது, ஆனால் பின்னால் மறுபடி வருகிறதா என்று பார்க்க இன்னும் அதைத்தான் நம்புகிறோம். அறுவைக்கு முன் எடுத்த எண் இல்லாவிட்டால் பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இன்னொன்று, இது உங்களுக்கு. அப்பாவுக்கு 60 வயதுக்கு முன் வந்திருப்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் 40 வயதில் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் பல மருத்துவர்கள் பின்பற்றும் வழி. ரத்தம் போகிறது என்றால் 40 வரை காத்திருக்கக் கூடாது. மூலம் என்று யாராவது சொன்னால், பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

#15 கோளிவாடாக்காரன் | செவ்வாய், இரவு 11:18

என் கூடப்பிறந்த அக்காளுக்கு 38. இப்போதே சொல்லிவிட்டேன், திட்டு வாங்கினேன். சிஇஏ எடுத்திருக்கிறார்கள், தாளில் இருக்கிறது.

படிவத்தை என்ன செய்வது?

#16 தாராவி 90 அடி சாலை | புதன், காலை 5:50

நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போடுவதாக இருந்தால், கேட்டுவிட்டுப் போடு. தமிழில் விளக்கச் சொல். எங்கள் அக்காவுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் நான் ஆறு வருடம் கடிதத்துக்குக் காத்திருக்க மாட்டேன். அது வராது என்று அன்றே தெரிந்திருக்கும்.

#17 ஹார்பர் லைன் | புதன், காலை 6:15

அண்ணாச்சி, அது எங்கள் தவறு. எங்கள் என்றால் என்னைப் போன்றவர்கள் அத்தனை பேரும்.

தம்பி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளிலேயே இருக்கிறது: பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது, பிறகு விலகிக்கொள்ளலாம். கட்டித் துண்டைப் பற்றிப் பயம் வேண்டாம். நோயறியும் பரிசோதனைக்குத் தேவையானது முதலில் போகும், மிச்சத்தில்தான் எங்களுக்கு. அதையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போடுவதும் போடாததும் அப்பாவின் விருப்பம். போடுங்கள் என்று நான் சொன்னால் அது என் தொழில் பேசுவதாகிவிடும்.

#18 கோளிவாடாக்காரன் | புதன், இரவு 8:05

எல்லோருக்கும் தகவல். இன்று வார்டில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைத் தேடிப் பிடித்தேன், நாகர்கோவில்காரர். கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். முடிவு வராது, மாத்திரை மாறாது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பா கேட்டுவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டார், முழுப் பெயரையும், இனிஷியலோடு.

ரத்தம் எடுக்க வந்த பையனிடம் அப்பா இந்தியில் கேட்டார்: “எத்தனை தடவை சுழற்றுவீர்கள்?” அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். “இரண்டு தடவை, சாச்சா” என்றான். எடுத்த நேரத்தையும் குழாயின் மேல் எழுதினான், 4:10.

#19 ஊதா மூடி | புதன், இரவு 8:09

மூடி என்ன நிறம்?

#20 கோளிவாடாக்காரன் | புதன், இரவு 8:11

ஊதா.